வாங்குவோன் அறம்

வாணிகத்தில் அறம் எனப் பேசத் தொடங்கினால், அறவோர் உரைகள் பெரும்பாலும் விற்பவனை நோக்கியே அமைந்திருக்கக் காண்கிறோம். கள்ளத் தராசு வைத்தல் ஆகாது, படியைக் குறைத்தல் ஆகாது, போலிச் சரக்கை நற்சரக்கென்று தள்ளிவிடுதல் ஆகாது என்பனவே அவ்வறத்தின் முதற் பாடங்கள். பௌத்த ஆகமத்திலும் பொய்த் தராசு, பொய் உலோகம், பொய் அளவை ஆகிய மூன்றும் விலக்கத் தக்கனவாக எண்ணப்பட்டுள்ளன. இவை என்றும் மாறாத நெறிகள்.

ஆயினும் நம் காலத்தில் வாணிகத்தின் உருவம் பெரிதும் மாறிவிட்டது. ரெயில்வே, மின்சார வாரியம், மருத்துவமனை, பெருந்தொழிற்சாலை முதலிய நிறுவனங்களே இன்று பெரிய வாங்குவோராய் நிற்கின்றன. ஒரு மோட்டார் தொழிற்சாலை தான் விற்கும் வண்டியின் உறுப்புகளில் பெரும்பகுதியைத் தானே செய்வதில்லை. பல சிறு பட்டறைகளிடமும் ஆலைகளிடமும் வாங்கிப் பூட்டுகிறது. அந்நிறுவனம் யாரிடம் வாங்குகிறது, யாரைத் திருப்பி அனுப்புகிறது என்பதைப் பொறுத்தே எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிவதும் அணைவதும் அமைகின்றன. ஆகலின், விற்பவன் அறம் போலவே வாங்குவோன் அறமும் ஆராய்ச்சிக்கு உரியதாகிறது.

ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா இது: ஒரு நிறுவனம் பொருள் வாங்கும்போது தரத்தையும் விலையையும் மட்டும் பார்த்தல் போதுமா? அன்றி, இதுகாறும் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களுக்கும் தன் கொள்முதலில் இடம் உண்டா என்று பார்ப்பதும் அதன் கடமையா? "தரத்தைப் பார்ப்பவன் சாதியைப் பார்க்கலாகாது, சாதியைப் பார்த்தால் தரம் கெடும்" என்பார் ஒருசாரார். "தரம் என்ற பெயரால் எங்களை நெடுங்காலம் விலக்கியது போதும், எங்கள் பங்கைத் தாருங்கள்" என்பார் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டிலும் குறையும் உண்டு. பிறப்பால் மனிதரை அளக்கலாகாது என்னும் கொள்கையை ஏற்று நிற்கும் நமக்கு இவ்வினா மற்றவர்க்கு உள்ளதைவிடக் கூர்மையானது. எனவே பொறுமையுடன் ஆராய்வோம்.

தரம் என்பது யாது?

தமிழில் தரம் என்னும் சொல் இரு வகையாக வழங்குகிறது. தரமான துணி, தரமான நெய் என்று பொருளைச் சுட்டியும் சொல்லுகிறோம். தரங்கெட்டவன், நம் தரத்துக்கு ஒவ்வாதவன் என்று ஆளைச் சுட்டியும் சொல்லுகிறோம். சாதி வேரூன்றிய சமுதாயத்தில் இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. செய்த பொருளைக் கையில் எடுத்துப் பார்க்குமுன்னரே, செய்தவன் யார் எனக் கேட்டு, அவனுடைய தரத்தைக் கொண்டு பொருளின் தரத்தை முடிவுசெய்யும் வழக்கம் இக்கலப்பிலிருந்தே பிறந்தது. அவ்வழக்கத்துக்கும் தர ஆராய்ச்சிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

தரத்தை அறிவியல் முறையில் நோக்கத் தொடங்கியது சென்ற நூற்றாண்டில்தான். 1924ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் பெல் தொலைபேசி அமைப்பில் பணியாற்றிய வால்ட்டர் ஷூஹார்ட் என்பார், உற்பத்தியில் நேரும் வேறுபாடுகளைப் புள்ளிகளாகக் குறித்துக் காட்டும் கட்டுப்பாட்டு வரைபடத்தை வகுத்தார். எந்தத் தொழிலிலும் செய்யப்படும் பொருள்கள் ஒன்றுக்கொன்று சிறிது மாறுபடுதல் இயல்பு. அவ்வேறுபாடு தொழில்முறையிலேயே அமைந்ததா, குறிப்பிட்ட ஒரு காரணத்தால் புதிதாக நேர்ந்ததா என்று பிரித்தறிவதே அவ்வரைபடத்தின் பயன். காரணத்தை அறியாது ஆளைப் பழித்தல் பயனற்றது என்னும் உண்மை இதனுள் அடங்கியிருக்கிறது.

அவரது வழியில் வந்த எட்வர்ட்ஸ் டெமிங் 1950ஆம் ஆண்டு ஜப்பானுக்குச் சென்று, அந்நாட்டுப் பொறியாளருக்கும் ஆலைத் தலைவருக்கும் இக்கல்வியைப் போதித்தார். போரில் நொறுங்கிய அந்நாடு, மலிவும் மட்டமுமான சரக்கு செய்வோர் என்ற பழியை நீக்கி, சில பத்தாண்டுகளில் உலகம் வியக்கும் தரத்தை எட்டியது. ஜப்பானியர் 1951இல் அவர் பெயரால் ஒரு பரிசையும் நிறுவினர். இந்தியாவில் அப்பரிசை முதன்முதலாக 1998இல் பெற்றது சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக்குப் பிரிவாகும்.

டெமிங் தம் வகுப்புகளில் நடத்திக் காட்டிய ஒரு சோதனை நம் வினாவுக்கு ஒளி தருவது. ஒரு பெட்டியில் 4,000 மணிகள். அவற்றுள் 3,200 வெள்ளை, 800 சிவப்பு. ஐம்பது குழிகள் கொண்ட ஒரு மட்டையைப் பெட்டியில் அமிழ்த்தி, ஒரு முறைக்கு ஐம்பது மணி எடுக்கவேண்டும். வெள்ளை மணி நற்சரக்கு. சிவப்பு மணி பழுது. குறைந்த சிவப்பு எடுத்தவரை மேற்பார்வையாளர் பாராட்டுவார்; மிகுதியாக எடுத்தவரைக் கடிந்துகொள்வார். ஆனால் எடுப்பவர் எவ்வளவு முயன்றாலும் ஐந்தில் ஒரு பங்கையொட்டிச் சிவப்பு வந்துகொண்டே இருக்கும். ஏனெனில் பழுது எடுப்பவரின் கையில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. தொழிலில் நேரும் குறைகளில் மிகப் பெரும்பாலானவை தொழிலாளியினால் வருவன அல்ல. அவன் வேலை செய்யும் முறையமைப்பினால் வருவன. அம்முறையமைப்புக்குப் பொறுப்பாளர் நிருவாகத்தினரே என்பது டெமிங்கின் முடிபு.

இதனை ஆலைக்குள் இருக்கும் தொழிலாளிக்கு மட்டும் உரியதாகக் கொள்ளுதல் தகாது. ஆலைக்கு வெளியே இருந்து சரக்களிக்கும் சிறு பட்டறைக்கும் இது பொருந்தும். கடன் மறுக்கப்பட்டு, பழைய இயந்திரத்தோடு மாரடித்து, வரைபடம் முழுமையாகக் கிடைக்காமல், செய்து கொடுத்த சரக்குக்குப் பல திங்கள் பணமும் வராமல் தொழில் செய்யும் ஒருவனிடமிருந்து பழுதான சரக்கு வந்தால், "அவர்கள் வேலையே அப்படித்தான்" என்று முடிவு கட்டுதல் எளிது. பெட்டியில் எத்தனை சிவப்பு மணிகளைக் கலந்து கொடுத்தோம் என்று எண்ணிப் பார்ப்பதோ அரிது. தர ஆராய்ச்சியை உண்மையாகக் கற்றவன் இரண்டாவதையே செய்வான்.

வாயிலில் நிற்கும் காவல்

இனி, நிறுவனங்கள் நடைமுறையில் எவ்வாறு வாங்குகின்றன என்பதைப் பார்ப்போம். ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது. இத்தனை ஆண்டு முன் அனுபவம் வேண்டும், ஆண்டுக்கு இவ்வளவு விற்றுமுதல் வேண்டும், இவ்வளவு முன்வைப்புத்தொகை கட்டவேண்டும் என்று நிபந்தனைகள் விதிக்கப்படுகின்றன. இவற்றில் சாதிப் பெயர் ஏதும் இல்லை. ஆனால் அனுபவம் இல்லாதவனுக்கு ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாதவனுக்கு அனுபவம் வருவதில்லை. தந்தையும் பாட்டனும் ஒப்பந்தம் செய்த குடும்பத்தில் பிறந்தவன் இச்சுழலுக்கு உள்ளேயே பிறக்கிறான். நிலமும் கடையும் மறுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவன் அதற்கு வெளியே பிறக்கிறான். போதாக்குறைக்கு, எழுதப்படாத நிபந்தனைகளும் உள. எப்பொழுது கொள்முதல் வருகிறது, யாரைப் பார்க்கவேண்டும், எந்த வங்கி மேலாளர் உதவுவார் என்னும் செய்திகள் உறவு வழியாகவும் விருந்து வழியாகவுமே ஓடுகின்றன. எவ்விருந்துக்கும் அழைக்கப்படாதவனுக்கு அச்செய்தியும் எட்டுவதில்லை.

இதனை முதலில் எண்களால் எடுத்துக்காட்டியவர்களுள் டாக்டர் அம்பேத்கர் ஒருவர். 1942ஆம் ஆண்டில் வைஸ்ராயின் நிருவாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராய் அமர்ந்த அவர், அவ்வாண்டு அக்டோபரிலேயே தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராயிடம் அளித்தார். கல்வி, உத்தியோகம் ஆகியவற்றோடு அரசாங்க ஒப்பந்தங்களையும் அதில் அவர் சேர்த்திருந்தார். மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்ததாரர் பட்டியலில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தும், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவரே இருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். கல்லும் மண்ணும் சுமந்தவர் யார், செங்கல் அறுத்தவர் யார் என்று கேட்டால், விடையை நாடறியும். உடல் உழைப்பில் பெரும்பங்கு, ஒப்பந்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதனைத் தரத்தின் தீர்ப்பு என்று கூறுவாருளரேல், அவர் தராசைக் கண்ணாலும் காணாதவரே.

பிற நாடுகளிலும் நிலை இதுவே. அமெரிக்காவில் விர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டு நகரின் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதியினர் கறுப்பு மக்கள். ஆனால் 1978 முதல் 1983 வரையிலான ஐந்தாண்டுகளில் அந்நகராட்சியின் நேரடிக் கட்டட ஒப்பந்தங்களில் சிறுபான்மையினரின் நிறுவனங்களுக்குக் கிடைத்தது நூற்றுக்கு 0.67 பங்கு மட்டுமே. அங்கும் எந்த விதியிலும் நிறத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆதலின் நாம் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளவேண்டும். அளவுகோல் வேறு, வாயில் வேறு. அளவுகோல் என்பது பொருளை அளப்பது. அது எல்லார்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். வாயில் என்பது பொருளை அளவுகோல் வரை கொண்டுவரும் வழி. அது எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும். வாயிலை மூடிவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்குள் சிறந்தவரைத் தேர்ந்து, 'தரத்தின்படி தேர்ந்தோம்' என்பது அரைவாசி உண்மை. அறத்தில் அரைவாசி உண்மைக்கும் பொய்க்கும் இடைவெளி சிறிது.

தரம் கெடும் என்னும் தடை

"வாயிலைத் திறந்தால் தரம் குறையாதா?" என்னும் தடையை ஆராய்வோம். நம் நாட்டில் மத்திய அரசு 2012ஆம் ஆண்டு குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் ஆணையைப் பிறப்பித்தது. மத்தியத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 20 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்தும், அதற்குள் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களிடமிருந்தும் வாங்கவேண்டும் என்பது அதன் குறிக்கோள். 2018இல் மொத்த அளவு 25 விழுக்காடாக உயர்த்தப்பட்டு, பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 விழுக்காடும் வகுக்கப்பட்டது.

இவ்வாணை செயற்படும் முறையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். குறு, சிறு நிறுவனத்தார்க்கு ஒப்பந்தப்புள்ளிப் படிவம் இலவசம்; முன்வைப்புத்தொகை கட்டவேண்டியதில்லை. அவர் கேட்கும் விலை, மிகக் குறைந்த விலைக்கு மேல் 15 விழுக்காட்டுக்குள் இருக்குமாயின், அந்தக் குறைந்த விலைக்கே தாமும் இறங்கி வந்து ஒரு பகுதிச் சரக்கை வழங்க வாய்ப்புப் பெறுவார். சரக்கின் விவரக்குறிப்பில் தளர்வு இல்லை. கொடுக்கப்படும் விலையிலும் மிகுதி இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நிறுவனங்கள் முன்வராவிடினோ, நிபந்தனைகளையும் விலையையும் எட்டாவிடினோ, அந்த 4 விழுக்காட்டை மற்றக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்றும் ஆணையிலேயே எழுதப்பட்டுள்ளது. அளவுகோலைத் தொடாமல் வாயிலை மட்டும் அகலப்படுத்தும் ஏற்பாடு இது. இதனால் தரம் கெடும் என்பார், எவ்வாறு கெடும் என்று எடுத்துக்காட்டக் கடமைப்பட்டவர்.

அனுபவம் இல்லாத கைகள் தரமான பொருளைச் செய்யமாட்டா என்னும் நம்பிக்கைக்கு ஜப்பானிய வரலாறு ஒன்று விடையளிக்கிறது. 1997ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், ஐசின் என்னும் நிறுவனத்தின் கரியா ஆலை தீப்பற்றி எரிந்தது. டொயோட்டா வண்டிகளின் பிரேக்குக்கு இன்றியமையாத ஒரு சிறு வால்வை ஏறத்தாழ முழுவதும் வழங்கிவந்தது அந்த ஓர் ஆலையே. டொயோட்டாவின் உற்பத்தி பெரும்பாலும் நின்றுபோயிற்று. உடனே ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தது. பொறியாளர்களை அனுப்பிச் சொல்லிக் கொடுத்தது. அவ்வால்வை முன் ஒருபோதும் செய்தறியாத பல சிறு நிறுவனங்கள், தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனம் உள்பட, சில நாள்களுக்குள் அதனைச் செய்து கொடுக்கத் தொடங்கின. உயிரைக் காக்கும் பிரேக்கு உறுப்பு. தரத்தில் இம்மியும் தவற இடமில்லை. அதையும் புதிய கைகள் செய்தன. வரைபடமும் பயிற்சியும் நம்பிக்கையும் தாராளமாகக் கிடைத்தமையே அதற்குக் காரணம். இடர் வந்தபோது அனுபவ நிபந்தனை மறைந்துவிட்டது என்பதை நாம் கருத்தில் இருத்தவேண்டும். தேவைப்பட்டால் கற்றுக்கொடுக்க முடியும் என்பது உண்மையாயின், இதுவரை கற்றுக்கொடாமைக்குத் தரம் காரணம் ஆகாது.

ஒருவரோடு நிலைத்த உறவு

தர ஆராய்ச்சியின் உள்ளிருந்தே மற்றொரு தடை எழுகிறது. விலையை மட்டும் பார்த்து வாங்குவதை விட்டொழித்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே வழங்குநரோடு நீண்டகால நம்பிக்கையுறவு கொள்ளுமாறு டெமிங் அறிவுறுத்தினார். பலரிடம் வாங்கினால் வேறுபாடு பெருகும் என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின், புதியவரைச் சேர்த்தல் அவரது கொள்கைக்கு மாறன்றோ?

மாறன்று. நீண்ட உறவு நல்லதே. ஆனால் அவ்வுறவு எங்ஙனம் தொடங்கியது என்பதே நம் வினா. ஒருவர் தம் செயலால் ஈட்டிய நம்பிக்கை வேறு. சுற்றத்தால் கிடைத்த நம்பிக்கை வேறு. டெமிங் போற்றியது முன்னதை. தொடக்கத்தில் ஒருமுறையேனும் பலரையும் அழைத்து, ஒரே அளவுகோலால் அளந்து, பிறகு தகுதியுடையவரோடு நிலைத்த உறவு கொள்வதில் அவர் கொள்கைக்கு இழுக்கில்லை.

மேலும், பழைய உறவு ஒன்றே தரத்துக்குக் காப்பாகாது என்பதையும் உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. மோட்டார் வண்டிகளின் காற்றுப்பைகளை உலகின் பல பெரிய கம்பெனிகளுக்கு வழங்கிவந்த டகாட்டா என்னும் ஜப்பானிய நிறுவனம், சோதனை முடிவுகளைத் திரித்துக் காட்டியது. காக்கவேண்டிய காற்றுப்பை வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறியதால் உயிர்கள் மாண்டன. கோடிக்கணக்கான உறுப்புகள் திரும்பப் பெறப்பட்டன. 2017 ஜனவரியில் அமெரிக்க வழக்கில் அந்நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ள இசைந்தது. அவ்வாண்டு ஜூனில் திவால் நிலைக்கு வந்தது. பெரிய பெயரும் நெடுநாள் அனுபவமும் அதற்குக் குறைவின்றி இருந்தன, இல்லாதது மெய்ம்மை. பெயரைப் பார்த்து ஐயத்தை விடுவதும், பெயரைப் பார்த்து ஐயம் கொள்வதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். இரண்டிலும் பொருளைப் பார்த்தல் என்னும் கடமை கைவிடப்படுகிறது.

பிறப்பைப் பாராத நாம்

இனி, நமக்கே உரிய தடைக்கு வருவோம். பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று சொல்லி, அதன்பொருட்டே பழைய மதத்தை விட்டு வெளியேறியவர்கள் நாம். அங்ஙனமிருக்க, கொள்முதலில் பட்டியல் சாதியார்க்கு எனத் தனிப் பங்கு கேட்பது பிறப்பை மீண்டும் அளவுகோலாக்குவது அன்றோ? இவ்வினாவை எதிரிகள் கேட்கிறார்கள் என்பதற்காக நாம் தள்ளிவிடுதல் முறையன்று. நம் இளைஞர்களும் இதனைக் கேட்கிறார்கள்.

ஒருவனுடைய மதிப்பைப் பிறப்பால் அளப்பது வேறு. ஒருவனுக்கு இழைக்கப்பட்ட தீங்கு பிறப்பின் பெயரால் இழைக்கப்பட்டது என்று கண்டறிவது வேறு. முன்னது சாதி, பின்னது சாதியின் நோய்க்கு நோய்நாடல். வைத்தியன் நோயின் பெயரைச் சொல்வதனால் நோயை வளர்ப்பவன் ஆகான். ஆனால் மருந்துக்கும் அளவுண்டு. நோய் உள்ளவரை, நோய் உள்ள இடத்தில், தேவையான அளவே மருந்து. 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் ஆற்றிய உரையில், அரசியலில் சமத்துவமும் சமுதாய, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் ஒருங்கே நிலவும் முரண்பாட்டை எச்சரித்தார். வாக்குச்சீட்டில் ஒருவர்க்கு ஒன்று என்றிருந்தும், ஒப்பந்தப் பட்டியலில் ஆயிரத்துக்கு ஒன்று என்றிருப்பதே அம்முரண்பாடு. அதனை நீக்கும் அளவுக்கே நம் கோரிக்கை நிற்றல் வேண்டும்.

இவ்விடத்தில் ரிச்மண்டு நகரின் கதையின் பிற்பகுதியையும் மறைக்கலாகாது. 1983இல் அந்நகராட்சி, ஒப்பந்தத் தொகையில் 30 விழுக்காடு சிறுபான்மையினர்க்குத் துணை ஒப்பந்தமாகச் செல்லவேண்டும் என விதித்தது. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்று தீர்த்தது. விலக்கம் நிகழ்ந்தமைக்குத் திட்டவட்டமான சான்றை நகராட்சி காட்டவில்லை என்பது அதன் காரணங்களுள் ஒன்று. அத்தீர்ப்பை நாம் முழுதும் ஏற்கவேண்டுவதில்லை. நம் அரசியல் சட்டத்தின் நோக்கும் அதனின் வேறானது. எனினும் அதிலிருந்து ஒரு பாடம் கொள்ளலாம். எங்கே, யார், எவ்வாறு விலக்கப்பட்டனர் என்பதைக் கணக்கோடு காட்டும் பொறுப்பு, நீதி கேட்போர்க்கு உண்டு. 1942இல் டாக்டர் அம்பேத்கர் பட்டியலை வரவழைத்து எண்ணிக் காட்டியது அப்பொறுப்பின் நிறைவேற்றமே.

தென்னாப்பிரிக்கா மற்றொரு வழியைக் காட்டுகிறது. அங்கு 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த முறையில், சிறிய ஒப்பந்தங்களுக்கு விலைக்கு 80 புள்ளி, சமுதாய நீதி நோக்கங்களுக்கு 20 புள்ளி; பெரிய ஒப்பந்தங்களுக்கு 90க்கு 10. விலையே தலைமை வகிக்கிறது. நீதி துணை நிற்கிறது. எத்தனை புள்ளி என்பதில் வாதம் இருக்கலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கணக்கிட முடியும் என்பது அதனால் தெளிவாகிறது.

இரு திறத்தார் கடமைகள்

ஆணை இட்டதனால் மட்டும் அறம் நிறைவேறிவிடாது. மேற்கூறிய 4 விழுக்காட்டுக் குறிக்கோள் அதன் முதற் பத்தாண்டுகளில் எட்டப்படவில்லை. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோர்க்குப் பயிற்சியும் துணையும் தர 2016இல் தேசிய மையம் ஒன்று தொடங்கப்பட்டும் இடைவெளி நின்றது. கருநாடக மாநிலம் 50 இலட்சம் ரூபாய் வரையிலான கட்டுமானப் பணிகளில் பட்டியல் சாதியினர்க்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினர்க்கு 6.95 விழுக்காடும் ஒதுக்கிச் சட்டம் செய்தது. 2023இல் அவ்வரம்பு ஒரு கோடியாக உயர்த்தப்பட்டது. வாயில்கள் சில திறந்துள்ளன. உட்செல்லும் வழி இன்னும் செப்பனிடப்படவில்லை.

வாங்கும் நிறுவனத்தின் கடமை ஒப்பந்தம் தருவதோடு முடிவதில்லை. சரக்கு ஏன் தள்ளப்பட்டது என்று எழுத்தில் காரணம் கூறவேண்டும். காரணம் அறியாதவன் திருந்த வழியில்லை. சோதிக்கும் கருவி பெரியவர் சரக்குக்கும் சிறியவர் சரக்குக்கும் ஒன்றாதல் வேண்டும். பணத்தை உரிய காலத்தில் தரவேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்தார்க்குச் சேரவேண்டிய தொகையை 45 நாள்களுக்கு மேல் நிறுத்திவைக்கலாகாது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாகக் கொடுத்தாக வேண்டும். ஆயினும் வட்டி கேட்டால் அடுத்த ஒப்பந்தம் கிட்டாதோ என்னும் அச்சத்தால் சிறு பட்டறைக்காரர் பலர் வாய் திறப்பதில்லை. அச்சம் உள்ள இடத்தில் உண்மை வெளிவராது. உண்மை வெளிவராத இடத்தில் தரம் நிலைக்காது என்பது டெமிங்கின் போதனைகளில் தலையாயது. பழுதை மறைக்காமல் சொல்லும் துணிவைச் சிறிய வழங்குநர்க்குக் கொடுப்பதே தரத்துக்குச் செய்யும் பெருந்தொண்டு. முதலாளி பணியாளரின் வலிமையறிந்து வேலை தருதலும், உரிய ஊதியம் அளித்தலும், நோயுற்றபோது பேணுதலும் சிகாலனுக்கு உரைத்த அறவுரையில் கடமைகளாக எண்ணப்பட்டுள்ளன. தொழில் ஆலைக்கு வெளியே விரிந்துவிட்ட இந்நாளில் அக்கடமைகளும் உடன் விரிதல் வேண்டும்.

நம்மவர் கடமை அதனினும் சிறியதன்று. 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தால், பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியினரும் அப்பட்டியலின் உரிமைகளைப் பெறுகின்றனர். அவ்வுரிமை பலருடைய போராட்டத்தின் கனி. அதனை ஒரு சான்றிதழாகச் சுருட்டி, பணமுள்ள வேறொருவர்க்கு வாடகைக்கு விடுதல் பெருந்தீங்கு. பெயர் நம்முடையது, முதலும் இலாபமும் இன்னொருவருடையது என்னும் பினாமித் தொழிலில், மாதம் ஒரு சிறுதொகை நமக்குக் கிடைக்கலாம். ஆனால் கணக்கில் நம் மக்களுக்கு ஒப்பந்தம் சேர்ந்துவிட்டதாக எழுதப்படுகிறது. உண்மையில் வாயில் முன்போலவே மூடியிருக்கிறது. தென்னாப்பிரிக்கா 2013ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் இத்தகைய மோசடியைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் தண்டித்தாலும் தண்டிக்காவிடினும், இது பொய்த் தராசின் வேறு உருவமே. பொய்ச் சரக்கு விற்பவன் வாங்குபவன் ஒருவனை ஏமாற்றுகிறான். பொய்ப் பெயர் விற்பவன் தன் சமூகம் முழுவதையும் ஏமாற்றுகிறான்.

அவ்வாறே, சலுகையால் உள்ளே வந்தவர் சரக்கில் சலுகை எதிர்பார்த்தல் ஆகாது. நம் பட்டறையிலிருந்து செல்லும் ஒவ்வொரு பொருளும், நமக்குப் பின் வருபவனுக்காகப் பேசும் சாட்சி. மற்றவன் பழுதான சரக்கு அளித்தால் அவன் ஒருவன் பெயர் கெடும். நம்மில் ஒருவன் அளித்தால் நம் எல்லோருடைய பெயரையும் சொல்வார்கள். இது நீதியன்று, எனினும் இன்றுள்ள நிலை இது. ஆகவே கணக்கைத் திருத்தமாக வைத்தலும், அளவுக் கருவிகளைக் காலந்தோறும் சரிபார்த்தலும், செய்ய இயலாததைச் செய்வோம் என ஒப்புக்கொள்ளாமையும் நமக்குத் தொழில் ஒழுக்கங்களாதல் வேண்டும்.

தரமும் நீதியும் பகையல்ல என்பது இவ்வாராய்ச்சியால் பெறப்பட்ட முடிபு. இரண்டும் ஒரே வேண்டுகோளை விடுக்கின்றன: ஆளைப் பற்றிய முன்முடிவை விட்டு, உள்ளதை உள்ளபடி பாருங்கள் என்பதே அது. நம்முள் சிலர் அலுவலகங்களில் கொள்முதல் கோப்பு எழுதும் நிலையில் இருக்கிறார்கள். சிலர் சிறு பட்டறை நடத்துகிறார்கள். பலர் அவ்விரண்டையும் தம் பிள்ளைகளுக்கு விரும்புகிறார்கள். கோப்பு எழுதுவோர், இப்பட்டியலில் யார் பெயர் இல்லை, ஏன் இல்லை என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்பாராக. பட்டறை நடத்துவோர், கொள்முதல் விளம்பரங்களைத் தேடிப் படித்து, துணிந்து விலை கேட்டு எழுதுவாராக. அறிந்தவர் அறியாதவர்க்குப் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுப்பாராக. நம் சங்கங்கள் மாதத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கினாலும், ஆயிரத்தில் ஒருவர் என்ற பழங்கணக்கு மாறத் தொடங்கும்.